மூட்டை மறைத்த ஜன்னலும் நாலு மாச இருமலும்

2025 பொங்கல் முடிந்த மறுவாரம் மதுரை பெரியாஸ்பத்திரியில் எனக்கு டி.பி. என்று சொன்னார்கள். அதற்கு முந்தின நாலு மாசமும் இருமிக்கொண்டுதான் இருந்தேன். ரெண்டு டாக்டர், ஒரு மருந்துக்கடை, 26,300 ரூபாய். இத்தனைக்கும் நடுவில் ஒருத்தர்கூட "சளியைக் குடு, பாத்துருவோம்" என்று சொல்லவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் அந்தப் பரிசோதனைக்குப் பைசா செலவில்லை என்பது எனக்கும் தெரியாது. முன்னமே தெரிந்திருந்தால் என்னோடு நின்றிருக்கலாம். நிற்கவில்லை. இன்னொரு பையன் வரைக்கும் போனது, அவன் அண்ணன் குழந்தைக்கும் வராமல் தடுக்க மாத்திரை கொடுக்கிற நிலை வந்தது. அதில் என் தப்பும் இருக்கிறது. அதையும் சேர்த்துத்தான் எழுதுகிறேன்.

நான் உசிலம்பட்டியைத் தாண்டி ஒரு சின்ன ஊர்க்காரன். பிளஸ் டூ முடித்ததும் விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் சேல்ஸுக்குச் சேர்ந்தேன். கடைசியாக வாங்கிய சம்பளம் 13,000. தங்க இடமும் சாப்பாடும் கடைக் கணக்கு. தங்க இடம் என்றால் கடைக்குப் பின்னால் சந்துக்குள் மூணாவது மாடி ரூம். 20 அடிக்கு 14 அடி இருக்கும், அதில் 12 பேர். ராத்திரி பாய் விரித்துவிட்டால் கால் வைக்க இடம் கிடையாது. ஒண்ணுக்குப் போக எழுந்தவன் நாலு பேரையாவது மிதித்துத்தான் கதவுக்குப் போவான். ஜன்னல் ரெண்டு உண்டு. ஒன்றை மறைத்து, விற்காத சரக்கை மூட்டை மூட்டையாக அடுக்கியிருந்தார்கள். இன்னொன்றைப் பற்றி எதிர்வீட்டுக்காரர், "பொம்பளப் பிள்ளைக இருக்கிற வீடு, ஒங்க பசங்க எட்டிப் பாக்குறாய்ங்க" என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். மறுநாளே பிளைவுட் வைத்து ஆணி அடித்தாயிற்று. எட்டிப் பார்த்தது யார் என்பது இன்றுவரை விசாரணையில் இருக்கிறது.

மூலையில் படுப்பவர் எங்களுக்கெல்லாம் மூத்தவர், ஐம்பது வயசு இருக்கும். ராத்திரி முழுக்க இருமுவார். பீடியைக் குறை சொல்லிவிட்டுத் தலையணையைக் காதில் அமுக்கிக்கொண்டு நாங்கள் தூங்குவோம். 2024 ஆனியில் ஊருக்குப் போனவர் திரும்பி வரவில்லை. என்ன ஆச்சு என்று யாரும் கேட்கவுமில்லை. எனக்கு அவரிடமிருந்துதான் வந்தது என்று சொல்ல ஆதாரம் ஏதும் இல்லை. இந்தக் கிருமி காற்று வழியாக உள்ளே போய், வருஷக்கணக்கில்கூட சும்மா கிடக்கும். பெரும்பாலானவர்களுக்கு நோயாக எழும்புவதே இல்லை. பெரும்பாலும் உடம்பு தளர்ந்தவனிடம்தான் எழும்பும். நான் தளர்ந்துதான் இருந்தேன், அது தெரியாமல் இருந்தேன்.

சாப்பாட்டுக் கதையைச் சொல்கிறேன். காலையில் மெஸ்ஸில் நாலு இட்லி. மதியச் சாப்பாடு கூட்டத்தைப் பொறுத்தது. சீசன் நேரத்தில் மூணரை மணிக்குப் போனால் சோறு ஆறியிருக்கும், சாம்பாரில் பருப்பைத் தேடணும். முட்டைக்குத் தனிக் காசு. ராத்திரி பதினொன்றுக்குக் கடை அடைத்த பிறகு ரெண்டு பரோட்டா, சால்னா. மாசம் 9,000 வீட்டுக்கு அனுப்பிவிட்டு மிச்சத்தில் முட்டை வாங்கத் தோன்றாது. ஆஸ்பத்திரியில் எடை பார்த்தபோது 168 செ.மீ. உயரத்துக்கு 46 கிலோ. 52 கிலோவாவது இருந்திருக்கணுமாம். ரூமில் 12 பேரும் ஒல்லி என்பதால் நான் ஒல்லி என்று எனக்குத் தெரியவே இல்லை. நம் நாட்டில் டி.பி. எழும்புவதற்குப் பெரிய காரணமே சத்துக் குறைவுதான். சர்க்கரை, பீடி, குடி எல்லாம் அதற்குப் பின்னால்தான் வருகின்றன.

இருமல் ஆவணி முகூர்த்த சீசனில் ஆரம்பித்தது. துணித் தூசி என்று நினைத்தேன். புதுத்துணி மடித்து மடித்துத் தொண்டை அரிக்கும், அது எங்கள் தொழிலில் சாதாரணம். மருந்துக்கடையில் சிரப் வாங்கிக் குடித்தேன். நாலைந்து பாட்டில், மாத்திரை என்று அதில் 1,200 போனது. அப்புறம் ஒரு கிளினிக். ஏன் கிளினிக்? ராத்திரி பத்து மணி வரை திறந்திருக்கும் என்ற ஒரே காரணம்தான். அரசு ஆஸ்பத்திரியில் ஓ.பி. காலையில். எங்களுக்குக் காலையில் கடை. ஒரு நாள் லீவு போட்டால் ஒரு நாள் சம்பளம் போகும், தீபாவளிக்கு முன்னால் போட்டால் போனஸிலும் கை வைப்பார்கள். 'இவ்வளவு நாள் ஏன் காட்டாம இருந்தே' என்று பின்னாடி எல்லாரும் கேட்டார்கள். காட்டிக்கொண்டுதான் இருந்தேன், ராத்திரியில் திறந்திருந்த இடத்தில்.

அந்த கிளினிக்குக்கு மூணு தடவை போனேன். பீஸ் 250, மருந்து 600, ஒவ்வொரு தடவையும். ஒரு எக்ஸ்ரே 450. 'டஸ்ட் அலர்ஜி' என்றார். ரெண்டாவது தடவை லீவோஃப்ளாக்சசின் என்று ஒரு மாத்திரை அஞ்சு நாளைக்குக் கொடுத்தார். பாதி இருமல் குறைந்தது. ஆஹா சரியாகிவிட்டது என்று தீபாவளி வேலையை முழுசாகப் பார்த்தேன். பத்து நாளில் மறுபடி வந்தது, கூடவே சாயங்காலக் காய்ச்சலும். அந்த மாத்திரை டி.பி. கிருமியையும் கொஞ்சம் அடிக்கக்கூடியது என்று பிறகு தெரிந்துகொண்டேன். அதைத் தனியாக அஞ்சு நாள் தின்றால் நோய் பாதி அடங்கிப் பதுங்கிக்கொள்ளும், கண்டுபிடிப்பதுதான் தள்ளிப்போகும். அதனால் ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல் விடாமல் இருந்தால், எந்த டாக்டரிடம் போனாலும் வாய்விட்டுக் கேளுங்கள்: "சார், சளி டெஸ்ட் எடுத்துரலாமா?" கேட்பதில் கூச்சமே வேண்டாம். சாயங்காலக் காய்ச்சல், ராத்திரி சட்டை நனைகிற வேர்வை, பேன்ட் இடுப்பில் நிற்காமல் இறங்குவது, இதில் ஒன்று சேர்ந்தால் ரெண்டு வாரம்கூடக் காத்திருக்காதீர்கள்.

ரெண்டாவது டாக்டர் பெரிய இடம். ரெண்டு தடவை பார்த்ததற்கு 1,000, ரத்தப் பரிசோதனை 2,600, சி.டி. ஸ்கேன் 4,500. 'நிமோனியா மாதிரி இருக்கு' என்று ரெண்டு நாள் படுக்க வைத்து டிரிப்ஸ் ஏற்றியதில் 14,000. அந்தப் பணத்துக்குத்தான் அம்மாவின் தோடு அடகுக்குப் போனது, 20,000க்கு. ஸ்கேனில் நுரையீரலைத் துண்டு துண்டாகப் படம் பிடித்தவர்கள், அதிலிருந்து வெளியே வந்து விழுகிற சளியைப் பார்க்கவில்லை. எனக்கு இன்னும் ஆறாத கோபம் அதுதான்.

பொங்கல் விற்பனையில் ஒரு நாள் மத்தியானம், பட்டுச் சேலை செக்‌ஷனில் ஒரு குடும்பத்துக்கு விரித்துக் காட்டிக்கொண்டிருந்தபோது இருமல் வந்தது. கைக்குட்டையை எடுத்தேன். சிவப்பு. சேலையில் படவில்லை, அந்த வரைக்கும் தப்பித்தேன். சூப்பர்வைசர் பார்த்துவிட்டார். "ஊருக்குப் போயி ஒடம்பத் தேத்திட்டு வாப்பா" என்றார். தன்மையாகத்தான் சொன்னார். ஆனால் அதற்கு என்ன அர்த்தம் என்று ரூமில் எல்லாருக்கும் தெரியும். சந்து முனையில் டீக்கடை அக்காவிடம் கணக்கு முடிக்கப் போனபோதுதான் அவர் சொன்னார்: "ஏய், ரத்தம் வருதுங்குற, பஸ் ஏறப் போறியா? நாளைக்குக் காலைல பெரியாஸ்பத்திரிக்குப் போயி சளி குடு. எங்க வீட்டுக்காரருக்கு அங்கதான் பாத்தோம். காசு கேக்க மாட்டாய்ங்க." வேலை போன பிறகுதான் எனக்குக் காலையில் ஆஸ்பத்திரிக்குப் போக நேரம் கிடைத்தது.

சளி கொடுப்பதிலும் ஒரு சங்கதி இருக்கிறது. முதல் டப்பாவில் எச்சிலைத் துப்பிக் கொடுத்துவிட்டேன். அங்கிருந்த அக்கா பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மூச்சை ஆழமாக இழுத்து, நெஞ்சுக்குள்ளிருந்து இருமி எடுக்கணும். காலையில் எழுந்ததும் வருகிற சளி ரொம்ப நல்லது. திறந்த வெளியில் நின்று எடுக்கச் சொல்வார்கள், பக்கத்தில் ஆள் இல்லாமல். மெஷினில் வைத்துப் பார்க்கிற பரிசோதனை, கிருமி இருக்கிறதா என்பதோடு முக்கியமான மருந்து ஒன்று அதற்குக் கேட்குமா என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறது. மறுநாள் முடிவு வந்தது. டி.பி. இருந்தது, மருந்து கேட்கிற வகை.

வெளியே வந்து ஏ.வி. பாலத்தில் ரொம்ப நேரம் நின்றேன். கீழே வைகையில் ஆகாயத்தாமரை. எனக்கு அப்பத்தா சொன்ன கதைதான் நினைவுக்கு வந்தது. ஊரில் ஒருத்தரை 'எலும்புருக்கி' என்று தோப்பூர் பக்கம் ஆஸ்டின்பட்டி டி.பி. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள், மாசக்கணக்கில் அங்கேயே கிடந்தார் என்பார். என்னையும் தோப்பூருக்கு அனுப்பிவிடுவார்கள், தங்கச்சிக்கு மாப்பிள்ளை பார்க்கிற நேரம், ஊர் முழுக்கத் தெரிந்துவிடும் என்று ஒரே நடுக்கம். உண்மையில் மோசமான நிலையில் வருகிறவர்களைத்தான் சேர்த்துக்கொள்கிறார்கள். எடை, மூச்சு வேகம், கால் வீக்கம், தானாக எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்த்துப் பிரிக்கிறார்கள். காசநோய் இறப்பைக் குறைக்க 2022ல் இருந்து தமிழ்நாட்டில் நடக்கிற ஏற்பாடு இது. என்னை வீட்டிலேயே மாத்திரை சாப்பிடச் சொல்லிவிட்டார்கள்.

இந்த 'வீட்டிலேயே' என்பது நம் ஊர்ச் சமாச்சாரம் என்பது பிறகு படித்துத்தான் தெரிந்தது. 1956ல் சென்னையில் ஒரு ஆராய்ச்சி ஆரம்பித்தார்கள். நெருக்கடியான வீடுகளில் வாழ்ந்த ஏழை நோயாளிகளில் பாதிப் பேரைச் சானடோரியம் என்கிற டி.பி. ஆஸ்பத்திரியில் வைத்தார்கள், பாதிப் பேருக்கு வீட்டிலேயே மருந்து. சானடோரியத்தில் நல்ல சாப்பாடு, ஓய்வு, காற்று எல்லாம் உண்டு. 1959ல் முடிவு வந்தபோது வீட்டில் இருந்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமாகியிருந்தார்கள். அதைவிட முக்கியம், கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதலாக நோய் வரவில்லை. உலகம் முழுக்க டி.பி. வைத்தியத்தை மாற்றியது அந்த முடிவு. எனக்கு அதில் புரிந்தது வேறு: மருந்து ஆரம்பித்த பிறகு நான் ஆபத்தானவன் இல்லை. பெரும்பாலானவர்களுக்கு ரெண்டு வாரம் மருந்து போனாலே பரப்புவது வெகுவாகக் குறைந்துவிடும். ஆபத்தானவனாக இருந்தது அதற்கு முந்தின நாலு மாசம், அந்த ரூமில்.

இங்கேதான் என் தப்பு. பெரியாஸ்பத்திரியில் பதிவு போடும்போது, சளி டப்பாவைத் திருப்பிக் கொடுத்த அந்த அக்கா கேட்டார்: "கூட யார் யார் தங்கிருக்கீங்க தம்பி? அவங்களையும் பாக்கணும்." நான், "தனியா ரூம் எடுத்துத் தங்கிருக்கேன்கா" என்றேன். பளிச்சென்று வந்தது பொய். கடைக்கு ஆள் போய் விசாரித்தால் என் வேலைக்குத் திரும்புகிற வழி அடைபடும், மற்ற பதினொரு பேரையும் 'நோய்ப் பசங்க' என்று வெளியே அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்தேன். அவர்களைக் காப்பாற்றுகிறேன் என்றே அப்போது நம்பினேன். அடையாளமாக ஊர் விலாசத்தை மட்டும் கொடுத்தேன்.

ஊருக்கு மருந்து மாற்றுவது சுலபம், இது பலருக்குத் தெரியாமல் பாதியில் விட்டுவிடுகிறார்கள். பதிவு எண்ணை வைத்துப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வாங்கிக்கொள்ளலாம். என் எடைக்கு நாள் ஒன்றுக்கு மூணு மாத்திரை, வெறும் வயிற்றில். முதல் நாள் சிறுநீர் ஆரஞ்சு மிட்டாய் நிறத்தில் போனதைப் பார்த்து நெஞ்சு நின்றுவிட்டது. ரத்தம் இல்லை, மருந்தின் நிறம்தான். குமட்டல் மூணு வாரம் இருந்தது. மூட்டு வலி, கால் எரிச்சல் வந்தால் சொல்லணும், அதற்குத் தனி மாத்திரை உண்டு. கண் மங்கினாலோ மஞ்சளானாலோ ஒரு நாள்கூடத் தள்ளாமல் போகணும். ரெண்டு மாசத்தில் இருமல், காய்ச்சல் எல்லாம் போய் ஆள் தெளிந்துவிட்டேன். நிறுத்தச் சொல்கிற ஆசை அப்போதுதான் வரும். ஆறு மாசம் முழுசும் சாப்பிட்டேன், நர்ஸம்மா விட்டால்தானே.

அம்மா ஊரில் 'மஞ்சக்காமாலை' என்று சொல்லி வைத்திருந்தார். வீட்டுக்குள் எனக்குத் தனித் தட்டு, தனி டம்ளர். நர்ஸம்மா வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, "தட்டுல ஒட்டாது பெரியம்மா. அந்த ஜன்னலத் தொறங்க மொதல்ல" என்றார். கொசு வரும் என்று அம்மா சாத்தியே வைத்திருந்த ஜன்னல். அன்றிலிருந்து வாசல் திண்ணையில் படுத்தேன், இருமும்போது துணியால் வாயை மூடினேன், அவ்வளவுதான். சாப்பாட்டுக்கு ஆட்டுக்கால் சூப்பு, பேரீச்சை என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். எங்களுக்குக் கட்டுபடியானது தினம் ரெண்டு முட்டை, வேர்க்கடலை, தட்டாம்பயறு, முருங்கைக்கீரை, ரேஷன் பருப்பு. ஜார்க்கண்டில் டி.பி. நோயாளிகளின் வீட்டாருக்கு ஆளுக்கு மாசம் 5 கிலோ அரிசியும் 1.5 கிலோ பருப்பும் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். அந்த வீடுகளில் புதிதாக நோய் வருவது சுமார் 39 சதவீதம் குறைந்ததாக 2023ல் முடிவு வந்தது. பருப்புக்கு இவ்வளவு பலமா என்று எங்கள் கடை மெஸ் சாம்பாரை நினைத்துக்கொண்டேன்.

பணம் பற்றி ரெண்டு விஷயம். ஒன்று, சிகிச்சை முடியும் வரை சத்துணவுக்கு மாசம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் வரும். 2018ல் 500ஆக ஆரம்பித்தது, 2024 நவம்பரிலிருந்து 1,000. முதல் 3,000 முன்கூட்டியே வரவேண்டியது எனக்கு ரெண்டு மாசம் வரவில்லை. ஏனென்றால் என் கணக்கு வருஷக்கணக்கில் உபயோகிக்காமல் முடங்கிக் கிடந்தது. பதிவு போட்ட அன்றே கணக்கு உயிரோடு இருக்கிறதா, ஆதார் இணைந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ரெண்டாவது, இ.எஸ்.ஐ., அதாவது சம்பளத்தில் பிடித்துக் கட்டுகிற தொழிலாளர் காப்பீடு. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கிற கடை, 21,000க்குள் சம்பளம் என்றால் உங்களுக்கு இருக்கணும். டி.பி.க்கு அதில் நீண்ட கால விடுப்புப் பணம் உண்டு. ரெண்டு வருஷம் தொடர்ந்து வேலையில் இருந்து, சந்தா சரியாகக் கட்டியிருந்தால் சம்பளத்தில் 80 சதவீதம். என் சம்பளச் சீட்டில் மாசம் மாசம் 97, 98 ரூபாய் பிடித்தம் இருந்திருக்கிறது. நான் அது டீ கணக்கு என்று நினைத்திருந்தேன்! இது தெரியாமல் மருத்துவச் சான்றிதழ் எதுவும் வாங்காமல் ஊருக்கு வந்து, நாலு மாசச் சம்பளம் 52,000 போனதில் அந்த 80 சதவீதத்தைக்கூடக் கேட்டு வாங்கவில்லை. சூப்பர்வைசருக்காவது தெரிந்திருக்கணும். கடை ஊழியர்கள் உட்கார நாற்காலி போடணும் என்று 2021ல் தமிழ்நாட்டில் சட்டமே வந்தது. எங்கள் தளத்தில் அந்த நாற்காலிகளில் கஸ்டமர்தான் உட்காருவார்கள்.

பங்குனியில் ஒரு நாள் ரூமிலிருந்து போன். எனக்குப் பக்கத்துப் பாயில் படுக்கிற பையன், திருமங்கலம் பக்கம், 22 வயசு. "அண்ணே, எனக்கு ஒரு மாசமா இருமல் நிக்கல. ஒங்களுக்கு மஞ்சக்காமாலைன்னு சொன்னாய்ங்க, நெசமாண்ணே?" எனக்கு வாய் வரவில்லை. அப்புறம் சொன்னேன். அவன் திட்டவில்லை. "மொதல்லயே சொல்லிருக்கலாம்ல" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் தேவலை. மறுநாள் காலையில் முதல் பஸ் பிடித்து மதுரை வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். அவனுக்கும் இருந்தது. இடையில் அவன் ஊருக்குப் போய் வந்திருக்கிறான், அண்ணன் வீட்டில் மூணு வயசுக் குழந்தை. அதைப் பரிசோதித்து, நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வராமல் தடுக்க மாத்திரை கொடுத்தார்கள். அஞ்சு வயசுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்கு இது ரொம்ப அவசியம், நோய் வந்தால் மூளை வரைக்கும் போகக்கூடும்.

பெரியாஸ்பத்திரியில் பதிவு போட்ட அதே அக்காவிடம் போய் நின்று ரூமில் இருந்த மற்ற பதினொரு பேரின் பெயரையும் சொன்னேன். முறைப்பார் என்று நினைத்தேன். "எல்லாரும் இப்படித்தான் தம்பி சொல்றாங்க" என்று எழுதிக்கொண்டார். கடையில் நோயாளி யார் என்று சொல்லாமலே, மொத்த ஊழியர்களுக்கும் நெஞ்சுப் பரிசோதனை முகாம் என்று வைத்து எக்ஸ்ரே எடுத்தார்கள். அப்படி ஒரு வழி இருப்பது தெரிந்திருந்தால் நான் ஜனவரியிலேயே வாய் திறந்திருப்பேன். யாரையும் வேலையை விட்டு அனுப்பவில்லை. மூட்டைகளை மட்டும் வேறு இடத்துக்கு மாற்றினார்கள் என்று கேள்விப்பட்டேன். பிளைவுட் அப்படியேதான் இருக்கிறதாம்.

ஜூலையில் எனக்கு மருந்து முடிந்தது. 57 கிலோ. அந்தப் பையனுக்கும் முடிந்துவிட்டது. இப்போது உசிலம்பட்டியில் ஒரு ரெடிமேட் கடையில் 10,500க்கு இருக்கிறேன், ராத்திரி வீட்டுக்கு வந்துவிடலாம். தங்கச்சியைப் பார்க்க வந்தவர்களிடம் நானே விஷயத்தைச் சொன்னேன். ஒரு இடம் போனது, அடுத்த இடம் அதைப் பற்றிக் கேட்கவே இல்லை. அம்மா தோடு இன்னும் அடகில் இருக்கிறது. வட்டியோடு 23,000 சொல்கிறார்கள், சித்திரைத் திருவிழாவுக்குள் திருப்பணும்.